எலிக் குரல் கேசட்

ரேடியோவில் அந்தப் பாடகியின் பாட்டு வந்தால் ரீல்காரர் எழுந்துபோய் அணைத்துவிடுவார். இன்று நேற்றல்ல, முப்பது வருஷப் பழக்கம். தெருவில் இதற்கு ஒரே அர்த்தம்தான்: பழைய காதல். இஸ்திரிக்காரர் இதற்காகச் சத்தியமே பண்ணுவார். ரீல்காரரின் மனைவியும் அப்படித்தான் நம்பினாள். கோபமெல்லாம் இல்லை. அவ்வளவு பெரிய பாடகி தன் வீட்டுக்காரரை ஒருகாலத்தில் திரும்பிப் பார்த்தாள் என்பதில் அவளுக்கு உள்ளூர ஒரு மிதப்பு.

விஷயம் காதலே இல்லை.

அப்போது ரீல்காரர் வீட்டு முன்னறைச் சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டி ஒலிப்பதிவு நடத்திக்கொண்டிருந்தார். பத்தொன்பது வயசுப் பெண் ஒருத்தி, தானே எழுதிய எட்டுப் பாட்டும் ஒரு கிட்டாருமாக வந்தாள். அன்று காலையில் பார்த்து, ரீலைச் சுற்றும் மெஷினின் பெல்ட் அறுந்துவிட்டது. கடைக்குப் போய்வந்தால் அரை நாள் போய்விடும். டப்பாவில் கிடந்த பழைய பெல்ட் ஒன்றை மாட்டினார். தொளதொளவென்று இருந்தது. அது வழுக்கி வழுக்கி ஓடியதில் ரீல் மெதுவாகச் சுற்றியது. அதிலேயே போட்டுக் கேட்டபோது குரல் அமிர்தம். இருக்காதா பின்னே? பதிந்ததும் மெதுவாக, ஓட்டியதும் மெதுவாக.

நகலெடுக்கும் கடையின் மெஷினோ சரியான வேகத்தில் ஓடுகிற மெஷின். அங்கே பாட்டெல்லாம் விறுவிறுவென்று ஓடி, ஐந்நூறு கேசட்டிலும் எலி பாடியது. ரீல்காரருக்கு விஷயம் புரிந்தபோது கேசட்டுகள் கடைக்குப் போயிருந்தன. வாங்கிய நாலு பேரும் சிரித்தார்கள். "என் குரலே இவ்வளவுதான் போலண்ணே" என்று அந்தப் பெண் அவர் முன்னால் நின்று அழுதாள். அவர் தன் கால் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் அவள் குரலை அடக்கிப் பாடக் கற்று, பெரிய ஆளாகிவிட்டாள்.

போன வாரம் அவளுடைய பேட்டி. ரீல்காரர் பாதிச் சவரத்தில் இருந்ததால் ரேடியோவை அணைக்கப் பிந்திவிட்டது. "முதல் ஆல்பமா? அத மட்டும் கேக்காதீங்க. அப்ப எனக்கு எலிக் குரல். என் பொண்ணுக்குக்கூட போட்டுக் காட்டினதில்ல" என்று அவள் சிரித்தாள்.

கத்தி நின்றது. சோப்பு முகத்தோடு மனைவியிடம் அத்தனையும் கொட்டினார்.

"பெல்ட்டா?" என்றாள் அவள். "முப்பது வருஷமா காதல்னு நெனச்சு நானும் கெத்தா இருந்தேன். கடைசில பெல்ட்டா?"

"அவ குரலையே கெடுத்துட்டேன்னு சொல்றேன், நீ வேற..."

"போன் பண்ணிச் சொல்லிடுங்க."

"காறித் துப்புவா."

"துப்பினா தொடச்சிக்கலாம். அந்தப் பொண்ணு இன்னும் தன்ன எலின்னு நெனச்சிட்டிருக்கே, அத யாரு தொடைக்கிறது?"

ரேடியோ நிலையத்தில் கேட்டு வாங்கிய நம்பரை மூன்று தடவை அழுத்தி மூன்று தடவையும் வைத்துவிட்டார். நாலாவது தடவை மனைவி பிடுங்கிப் பேசினாள். முதல் ஆல்பத்தின் அசல் ரீல் இங்கே இருக்கிறது என்றதும் பாடகி தானே வருவதாகச் சொன்னாள்.

ரீல்காரர் பரணிலிருந்து மெஷினை இறக்கினார். பக்கத்து வீட்டுக் கிட்டாரை வாங்கி, அதன் சுருதிக்கு ரீலில் பதிந்திருந்த கிட்டார் இறங்கி வரும்வரை பெல்ட்டைத் தளர்த்திக்கொண்டே இருந்தார். மூன்று நாள் ஆனது.

அவள் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். அவர் நின்றபடியே சொல்லி முடித்தார்.

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேண்ணே."

"பயந்துட்டேம்மா."

"எனக்குப் பத்தொம்பது வயசுண்ணே."

அவர் குனிந்து ரீலை ஓட்டினார்.

குரல் வந்தது. கனிவாக, அவசரமே இல்லாமல். பாடகி இரண்டாவது பாட்டு முடிந்ததும் மூக்கை உறிஞ்சினாள்.

"எங்கப்பா அந்தக் கேசட்டக் கேட்டுட்டு, 'இது என் பொண்ணே இல்ல'ன்னாரு. பாட்டு புடிக்காமத்தான் சொல்றாருன்னு ரெண்டு வருஷம் அவரோட பேசாம இருந்தேன்."

"அப்பா இப்ப..." என்று மனைவி இழுத்தாள்.

"இருக்காருக்கா. காதுதான் கொஞ்சம் மந்தம்."

சொல்லிக்கொண்டே போனை எடுத்து அழைத்தாள். "அப்பா, பேசாம இதக் கேளுங்க" என்று கத்திவிட்டுப் போனை ஸ்பீக்கர் பக்கம் நீட்டினாள். "சத்தத்தக் கூட்டுங்கண்ணே."

ரீல்காரர் முழுக்கத் திருகினார். முன்னறை அதிர்ந்தது. பாட்டு பாதி ஓடியும் அந்தப் பக்கம் மூச்சில்லை. பிறகு ஒரு கிழக்குரல், அதட்டலாக:

"இவதான்டி. வச்சிடாத, முழுசா கேக்கணும்."