இரண்டிலும் சிவப்பு

பழவேற்காடு ஏரிக்கரையில் எங்கள் குப்பத்தில் யாருக்கு எந்தச் சந்தேகம் வந்தாலும் எல்லையம்மனிடம் பூக்கட்டிக் கேட்போம். வெள்ளை அரளி ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம். இரண்டும் பூவரச இலையில் சுற்றி வாழைநாரால் கட்டியவை. கேட்பவர் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் சரி, சிவப்பு வந்தால் வேண்டாம். கட்டுகிறவள் என் ஓரகத்தி செங்கம்மாள் அக்கா. வீட்டிலேயே கட்டித் தாம்பாளத்தில் வைப்பாள். நான் அதைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்கு அவள் பின்னால் போவேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், அவளுக்கு வாயே கிடையாது. அதனால்தான் ஒரே கூரையின் கீழ் காலம் ஓடியது.

அறுபத்தாறாம் வருஷம் அக்காவின் மூத்தவன் நாகமுத்து, கடலுக்குப் போகலாமா என்று பூக்கேட்டான். வெள்ளை வந்தது. முகத்துவாரம் தாண்டிப் போனான். மதியமே புயல் பிடித்துக்கொண்டது. அவன் போன கட்டுமரத்தில் ஒரு துண்டுகூடக் கரைக்கு வரவில்லை.

புருஷனை முன்பே இழந்தவள், பிள்ளையையும் கொடுத்துவிட்டாள். இனிப் பூவைத் தொடமாட்டாள் என்றுதான் நினைத்தோம். ஆனால் காரியம் முடிந்த மறுநாளே உட்கார்ந்து கட்டினாள். அதன் பிறகு பத்து வருஷம் எங்கள் குப்பத்தில் தண்ணீரில் ஒரு சாவு இல்லை. மேகம் ஒரு மாதிரி இருக்கும் நாளில் தவறாமல் சிவப்பு வரும். ஆண்கள் முணுமுணுத்தபடி வலையை மடித்து வைப்பார்கள். சாயங்காலம் காற்று கூரை ஓலையைப் பிய்த்துக்கொண்டு போகும். "ஆத்தா இப்பத்தான் கண்ணு முழிச்சிக்கினா" என்று கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். நானும் போட்டுக்கொண்டேன்.

எழுபத்தாறில் இளையவன் லோகநாதனுக்குக் கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு இரும்புக் கம்பெனியில் வேலை கிடைத்தது. அவன் தண்ணீரை விட்டு ஒழிந்தால் போதும் என்பது அக்காவின் ஆசை. அவனோ ஆத்தாளைக் கேட்காமல் போகமாட்டேன் என்றான். அவன் போனால் எங்கள் படகுக்கு ஆள் இல்லை. எனக்கும் என் புருஷனுக்கும் அது பிடிக்கவில்லை என்பதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

விடியற்காலையில் போனோம். கோயிலுக்குள் குனிந்துதான் நுழையவேண்டும். அன்று இலைகூட அசையவில்லை. ஆனாலும் விளக்குச் சுடர் ஒரு பக்கமாகச் சாய்ந்து அப்படியே நின்றது. லோகநாதன் எடுத்துக் கொடுத்தான். அக்கா பிரித்தாள். சிவப்பு.

"வேணான்னுட்டா. நான் போவலம்மா" என்று சொல்லிவிட்டு அவன் வெளியே போய்விட்டான்.

அக்கா மற்றதையும் பிரித்தாள். அதுவும் சிவப்பு. இதழெல்லாம் நனைந்திருந்தது. தொட்டுப் பார்த்தேன். ஈரம் காய்ந்ததும் விரலில் உப்புப் பூத்தது.

"கோவிந்தம்மா, நான் ரெண்டுலயும் வெள்ளைதான் வெச்சேன்" என்றாள் அக்கா.

அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னாள். நாகமுத்து போன நாளிலிருந்து அங்கே ஆத்தா இருப்பதாக அவள் நம்பவில்லை. விடியுமுன் வானத்தைப் பார்ப்பாள், எறும்பு முட்டை தூக்குகிறதா என்று பார்ப்பாள். மோசமென்று பட்டால் இரண்டிலும் சிவப்பை வைத்துவிடுவாள். பத்து வருஷம் ஊரைக் காத்தது அவள் கண்தான்.

"வெறும் கல்லுன்னு நெனச்சிக்கினுதான் உசுரோட இருந்தேன். கல்லுக்கு இன்னா தெரியும்? அதுமேல எனக்குக் கோவமில்ல. இவ இருக்கிறாள்னா அன்னிக்கும் இருந்தாளே. தெரிஞ்சேதான் எம்புள்ளைக்கு வெள்ளையக் குடுத்தாளா?"



மூன்று நாள் அவள் சோறு தின்னவில்லை, கண் மூடவில்லை. கோயில் இருக்கும் திசையையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். மூன்றாம் நாள் என் கையைப் பிடித்தாள்.

"தாம்பாளம் உன் கையிலதானே இருந்திச்சி. படகுக்கு ஆள் வோணும்னு நீதான் மாத்தினியா? சொல்லுடி. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

அது கோபத்தில் கேட்ட கேள்வி இல்லை. பிச்சை கேட்பதுபோல் கேட்டாள்.

"ஆமாக்கா. நான்தான் மாத்தினேன்" என்றேன்.

ஓங்கி ஓர் அறை விட்டாள். பிறகு என் தோளிலேயே சாய்ந்து அழுதாள். அழுது முடித்து இரண்டு கவளம் சாப்பிட்டுத் தூங்கினாள். மறுநாள், பூவை மாற்றியது நான்தான் என்று அவள் சொன்ன பிறகு லோகநாதன் பஸ் ஏறிக் கம்பெனிக்குப் போய்விட்டான். ஆத்தாளின் பூவையே மாற்றியவள் என்று ஊர் என்னைக் காறித் துப்பியது. இரண்டு வருஷம் என் கையால் யாரும் ஒரு வாய் தண்ணீர் வாங்கவில்லை.

இப்போது எழுபத்தொன்பதாம் வருஷம். அக்கா இன்னும் பூக் கட்டுகிறாள், நன்றாகத் தூங்குகிறாள். தாம்பாளத்தை அவளே எடுத்துப் போகிறாள். லோகநாதன் லீவில் வரும்போது அம்மாவுக்குப் பழம் வாங்கி வருகிறான், என்னிடம் பேசுவதில்லை.

அன்று நான் அந்தப் பொட்டலங்களைத் தொடவேயில்லை. கோயிலைத் தாண்டிப் போகும்போது முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு நடக்கிறேன். உள்ளே விளக்கு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்க்க எனக்குத் தைரியமில்லை.