இத்தா நாட்களில் ஒரு குதிரை

எழுபதுகளின் கடைசியில், ஒரு வெயில் காலத்தில், என் வீட்டுக்காரர் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தார். ஜட்கா வண்டி ஓட்டுபவர். வீடு திருச்சி பாலக்கரையில், பிழைப்பு ஸ்ரீரங்கம் ஸ்டேஷன் வாசலில். அவர் மௌத்தான அன்றே எனக்கு வெள்ளைப் புடவை கட்டி, வெள்ளைத் துப்பட்டி போர்த்தி, இத்தாவில் உட்கார வைத்தார்கள். நாலு மாதம் பத்து நாள் வாசல் தாண்டக்கூடாது, அந்நிய ஆண் கண்ணில் படக்கூடாது. கொழுந்தனாரும் அந்தக் கணக்கில் அந்நியர்தான். அவரிடம் பேச வேண்டுமென்றால் கதவுக்குப் பின்னாலிருந்து பேச வேண்டும்.

எனக்கு அதில் கஷ்டமில்லை. எதிலுமே கஷ்டம் தெரியவில்லை. சோறு வைத்தால் தின்றேன், வைக்காவிட்டால் கேட்கவில்லை. ஒருநாள் அடுப்பில் கை சுட்டு, கொப்புளத்தைப் பார்த்தபிறகுதான் சுட்டதே தெரிந்தது. வருகிறவர்கள் எல்லோரும் சபூர் செய், பொறுத்துக்கொள் என்றார்கள். பொறுத்துக்கொள்ள எனக்குள் எதுவும் இருந்தால்தானே?

வீட்டுக்குப் பின்னால் நாலு பக்கமும் உயரமான சுவர் வைத்த கொல்லை. கிணறு, துவைக்கிற கல், தகரக் கொட்டகை. கொட்டகையில் அவர் விட்டுப்போன செவலைப் பெட்டைக் குதிரை. கொழுந்தனார் இரண்டு வேளையும் சந்துப் பக்கத்துக் கதவைத் தட்டிக் குரல் கொடுப்பார். நான் உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டதும் புல்லுக்கட்டை வீசிவிட்டு ஓடிவிடுவார். ஓடத்தான் வேண்டும், அது கடிக்கும். என் வீட்டுக்காரர் இருந்தவரை வேறு யார் கையும் அதன் மேல் பட விட்டதில்லை. அதைப் பெரிய பெருமையாகச் சொல்லிக்கொள்வார். பெருமை அவருக்கு, அவஸ்தை எங்களுக்கு.

கொழுந்தனார் வாடகைக் குதிரை பூட்டி ஓட்டிக்கொண்டிருந்தார். இந்தச் செவலையை வண்டியில் பூட்ட ஆளில்லை என்றால் மணப்பாறைச் சந்தையில் தள்ளிவிடுவதாகப் பேச்சு.

தண்ணீர் சேந்தப் போகும்போதெல்லாம் அது காதைப் பின்னால் மடக்கிக்கொண்டு என்னைப் பார்க்கும். நான் பார்க்காமல் துவைக்கிற கல்லில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பேன். வேறு எங்கே போக? பத்துப் பதினைந்து நாள் கழித்து என் துப்பட்டி நுனியை யாரோ இழுத்தார்கள். திரும்பினேன், பின்னால் துள்ளி ஓடிவிட்டது. மறுபடி திரும்பி உட்கார்ந்தேன், மறுபடி வந்தது. அன்று மாலை வரை இதுவேதான்.

பிறகு பழைய அலுமினிய அன்னக்கூடை ஒன்றைக் காலால் தள்ளிவிட்டேன். அது மூக்கால் திருப்பித் தள்ளியது. நான் ஓரடி வைத்தால் அதுவும் ஓரடி வைக்கும். நான் நின்றால் நிற்கும். நேருக்கு நேர் நின்று முகத்தைப் பார்த்தால் பின்வாங்கும், திரும்பி நடந்தால் பின்னாலேயே வரும். கயிறு கிடையாது, அதட்டல் கிடையாது. கிணற்றை எத்தனை சுற்று சுற்றியிருப்போமோ தெரியாது. துணி காயப்போடும் இரண்டு மூங்கில்களைச் செங்கல் மேல் வைத்து, வண்டியில் பூட்டுவதுபோல நடுவில் பின்னுக்குப் போகவும் பழக்கினேன். புருஷனைப் பறிகொடுத்தவள் குதிரையோடு ஆட்டம் போடுகிறாள் என்று ஊர் சொல்லும். சொல்லட்டும். சந்தோஷமாக இருந்தேனா என்றால், இல்லை. ஆனால் என்னிடம் சபூர் செய் என்று சொல்லாத ஒரே ஜீவன் அதுதான். அது மணப்பாறைக்குப் போகக்கூடாது என்று மட்டும் ஒருநாள் தோன்றியது. அந்த மாதங்களில் எனக்குத் தோன்றிய ஒரே ஆசை அது.

கொழுந்தனாரின் மனைவி, என் ஓரகத்தி, அடுக்களை ஜன்னல் வழியாக எங்களைப் பார்த்துவிட்டுப் புருஷனிடம் சொல்லியிருக்கிறாள். அவருக்கு ஒரு யோசனை. குதிரை வெள்ளைத் துணிக்குத்தான் மசிகிறது என்று முடிவு கட்டி, காய்ந்துகொண்டிருந்த என் துப்பட்டி ஒன்றைத் தலையோடு போர்த்திக்கொண்டு, மீசையை மறைத்தபடி கொல்லைக்குள் வந்தார். நான் கதவிடுக்கில் பார்த்தேன். குதிரை மூன்றடி முன்னால் வந்தது. பீடி வாசம் அடித்திருக்க வேண்டும். தோளில் ஒரு கடி, கீழே விழுந்தவரின் துப்பட்டியைப் பிடுங்கி மிதித்து ஒரு கிழி.

"குதிரை தள்ளினது பத்தாதுன்னு குழியும் பறிச்சுச்சாம்" என்று சொல்லிச் சொல்லி ஓரகத்தி சிரித்தாள். நானும் சிரித்திருக்க வேண்டிய இடம். சிரிப்பு வரவில்லை.

மறுநாள் அவர் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று சொன்னார். "அண்ணி, கோவிச்சுக்காதீங்க. அடுத்த சந்தைக்கு ஓட்டிட்டுப் போயிடறேன்."

"பத்து நாள் பொறுங்க தம்பி. நான் சொல்றபடி செஞ்சு பாருங்க."

இத்தா முடிந்தாலும் நான் ஜட்கா ஓட்டப்போவதில்லை. திருச்சியில் பொம்பளை ஜட்கா ஓட்டி யார் பார்த்தார்கள்? குதிரை இங்கேயே இருக்க வேண்டுமென்றால் அது அவரோடு போக வேண்டும், வேறு வழியில்லை.

கதவுக்குப் பின்னாலிருந்து சொல்லிக் கொடுத்தேன். "மூஞ்சியப் பாக்காதீங்க. திரும்பி நில்லுங்க."

"கடிச்சா?"

"பயந்தாதான் கடிக்கும். பீடிய எறிஞ்சிட்டு வாங்க."

அவர் சொன்னபடியே செய்தார், பாவம். ஆனால் நான் வாய் திறக்கும்போதெல்லாம் குதிரை அவரை விட்டுவிட்டுக் கதவண்டை வந்து நின்றது. நாலு நாள் இப்படியே. ஐந்தாம் நாள்தான் எனக்கு உறைத்தது. அவரிடம் குறையில்லை, குறுக்கே நிற்பது நான்தான்.

அன்றிலிருந்து கொல்லைக்குப் போவதை நிறுத்தினேன், பேச்சையும் நிறுத்தினேன். ஓரகத்தி தண்ணீர் சேந்திக் கொடுத்தாள். குதிரை அன்னக்கூடையைக் கதவு வரை உருட்டிக்கொண்டு வந்து இடித்துவிட்டு, காத்திருக்கும். மறுபடி இடிக்கும். கதவிடுக்கு வழியாக அதன் மூச்சு என் கணுக்காலில் சூடாகப் படும். நான் துப்பட்டியை வாயில் திணித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தால் போதும், அத்தனை நாள் வேலையும் பாழ். கூப்பிடவில்லை.

ஒன்பதாம் நாள் கதவை இடிக்கும் சத்தம் இல்லை. கொல்லையில் இரண்டு காலடிச் சத்தம் மட்டும் கேட்டது. செருப்புச் சத்தம் நின்றால் குளம்புச் சத்தமும் நின்றது. பிறகு சந்தில் சேணத்து வாரும் மணியும் குலுங்கின.

"அண்ணி, பூட்டிட்டேன்! வந்துடுச்சு அண்ணி! ஸ்ரீரங்கம் ஒரு நடை போயிட்டு வரேன்!"

சக்கரச் சத்தம் சந்து முனையில் திரும்பி, தெருவுக்குப் போய், தேய்ந்தது. அது ஒருமுறைகூட முரண்டு பிடிக்கவில்லை.

ஓரகத்தி ஓடி வந்து பார்த்தபோது நான் தரையில் கிடந்து அழுதுகொண்டிருந்தேன். வலித்தது, நெஞ்சு நிஜமாகவே வலித்தது. அவள் என் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"அல்லாவே, மௌத்தான வீட்ல ஒரு சொட்டுக் கண்ணீர் விடலைன்னு ஊரே பேசுச்சு. இப்பவாவது அவரை நெனச்சு அழுதீங்களே. அழுங்க, நல்லா அழுங்க."

அவரை நினைத்து நான் அழவில்லை. அதை அவளிடம் நான் சொல்லவும் இல்லை.