என் வீட்டுக்காரர் கட்டிய போர்க்கப்பல்

ஏற்றுமதிக்கு இருந்த கோட்டா கட்டுப்பாடு நீங்கி, ஆர்டர் குவிந்து, திருப்பூரில் யாருக்கும் மூச்சுவிட நேரமில்லாத வருஷம் அது. நான் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர். என் வீட்டுக்காரர் பக்கத்து ஊரான நெருப்பெரிச்சலில் பனியன் துணி பின்னும் நிட்டிங் மெஷின் ஃபிட்டர். வீரபாண்டி போகும் வழியில் ஒரு வேன் அவர் பைக்கில் மோதியது. காலில் பிளேட் வைத்துப் படுக்கையில் போட்டுவிட்டார்கள்.

"ஊரெல்லாம் மெஷின் ஓடுது, நான் மட்டும் கட்டல்ல கெடக்கறன்" என்று ஒருநாள் சொன்னார். அதன் பிறகு பேச்சே குறைந்துபோனது.

எங்கள் கம்பெனிக்கு ஜப்பானிலிருந்து ஆர்டர் கொடுக்க ஒரு பையர் வருவார். வீட்டு நிலவரம் அவருக்குத் தெரியும். அடுத்த முறை வந்தபோது ஒரு பெட்டியை நீட்டி, "உங்கள் கணவருக்கு. கைக்கு வேலை வேண்டும்" என்று தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னார். மூடியில் உலகப் போர்க் காலத்து ஜப்பான் போர்க்கப்பலின் படம். உள்ளே சாம்பல் நிறப் பிளாஸ்டிக் சட்டங்களில், வெட்டி எடுத்து ஒட்டிக் கப்பலாக்க வேண்டிய பொடிப்பொடித் துண்டுகள். சில பீரங்கிகள் அரிசி அளவுகூட இல்லை. விளக்கத்தாள் முழுக்க ஜப்பானிய எழுத்து.

"ஏனுங்க, இதை எப்படீங்க படிப்பீங்க?"

"படம் போட்டிருக்குதல்ல? நிட்டிங் மெஷினுக்கு மட்டும் தமிழ்லயா புஸ்தகம் குடுத்தான்?" பல நாட்களுக்குப் பிறகு அவர் குரலில் பழைய மிடுக்கு.

நூல் வெட்டும் டிரிம்மரும், ஓவர்லாக் மெஷினில் நூல் கோர்க்கும் இடுக்கியும் கம்பெனியிலிருந்து கேட்டு வாங்கி வந்தேன். கட்டிலில் பலகையை வைத்துக்கொண்டு ஆரம்பித்தார்.

பார்க்க வந்த என் அண்ணன் சிரித்தார். "மாப்பிள்ளை பொம்மை வெச்சு வெளையாடறாருங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. வீட்டுக்காரர் தலைநிமிராமல், "இந்தப் பீரங்கிய ஒட்டிப் பாருங்க மச்சான்" என்று இடுக்கியை நீட்டினார். அண்ணன் கையிலிருந்து பீரங்கி தெறித்து விழுந்தது. முட்டி போட்டுத் தேடி எடுத்துக் கொடுத்துவிட்டு, காபி டம்ளரோடு தள்ளிப்போய் உட்கார்ந்துகொண்டார்.

நடுக்கோபுரம் முழுதும் எழும்பிய பிறகுதான் அடித்தட்டு திரும்பி ஒட்டியிருப்பது தெரிந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. "பிரிச்சு மாட்டறதுதான புள்ள என் பொழப்பு" என்று பிளேடால் ஒவ்வொன்றாகக் கழற்றினார்.

கடைசியாகக் கொடிமரத்துக் கம்பிகள். பெட்டியில் அதற்கு ஒன்றுமில்லை. நான் கொண்டுவந்த தையல் நூலைக் கட்டினால் கயிறுபோல் தெரிந்தது. மிச்சமிருந்த பிளாஸ்டிக் சட்டத்தை மெழுகுவத்தியில் காட்டி, இளகியதும் இழுத்தார். முடியைவிட மெல்லிசாக ஓர் இழை நீண்டது.

"பாரு, நூல் நூத்துட்டன்!" என்று அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்தார்.

அடுத்த சீசனில் பையரை வீட்டுக்கு அழைத்து வந்தேன். அவர் கப்பலுக்கு நேராகக் குனிந்து, கண்ணைக் கம்பிகளோடு ஒட்டி வைத்தாற்போல் வெகுநேரம் பார்த்தார். பிறகு கூச்சத்தோடு, "இதே பெட்டி என்னிடமும் இருக்கிறது. பயத்தில் இன்னும் திறக்கவில்லை" என்றார். நான் தமிழில் சொன்னதும் வீட்டுக்காரர் விழுந்துவிழுந்து சிரித்தார்.

"இந்தக் கப்பல் கடைசீல என்னாச்சுங்கன்னு கேளு" என்றார்.

கேட்டேன். மூழ்கிவிட்டதாம், ஏராளமான பேரோடு. வீட்டுக்காரர் கப்பலின் தளத்தில் படிந்திருந்த தூசியை விரல்நுனியால் துடைத்தார்.

பிறகு பையர் கம்பிகளைக் காட்டி, எப்படி என்று சைகையில் கேட்டார். வீட்டுக்காரர் ஊன்றுகோலோடு எழுந்து போய் மெழுகுவத்தி கொண்டுவந்தார். ஒருவர் தமிழிலும் ஒருவர் ஜப்பானியத்திலும் பேசிக்கொண்டு பிளாஸ்டிக்கை இளக்கி இழுத்தார்கள், அறுந்தது, மறுபடி இழுத்தார்கள். மொழிபெயர்க்க என்னை யாரும் கூப்பிடவில்லை. மறுநாள் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர் முதல் வாட்ச்மேன் வரை எல்லோரிடமும், என் வீட்டுக்காரர் ஜப்பான்காரருக்கே நூல் நூற்கக் கற்றுக்கொடுத்ததை நானே போய்ச் சொன்னேன்.