கடைசிவரை இழுத்த சீட் பெல்ட்

மாமனாருக்கு மூச்சுத்திணறல், வாராவாரம் சிதம்பரத்தில் சிகிச்சை. பஸ் பயணம் ஒத்துக்கொள்ளவில்லை என்பதால், கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு பழைய கார் பார்த்தோம். மழை கழுவிவிட்ட காலையைப் போல மினுங்கியது. உட்காரும் முன்பே என் மனம் அதை ஓட்டத் தொடங்கிவிட்டது.

“ராகு காலம் வரப்போவுது மாமா, அதுக்குள்ள அட்வான்ஸ குடுத்துடுங்க” என்றார் காரைக் காட்டிய புரோக்கர், என்னிடம். நல்ல நேரம் தவறிவிடுமே என்று, பானெட்டைக்கூடத் திறந்து பார்க்காமல் பைக்குள் கைவிட்டேன்.

தன் அப்பா சாய்ந்து உட்கார வசதியாக இருக்குமா என்று பின்சீட்டில் உட்கார்ந்து பார்த்த என் மனைவி, பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தாள். அதன் அடிப்பகுதி முழுக்கக் காய்ந்த வண்டல்.

“ஏங்க, இங்க வாங்க. இது வெள்ளத்துல முழுகுன வண்டி.”

“மழச்சாரல் பட்டிருக்கும்க்கா” என்று சிரித்தார் புரோக்கர்.

“எனக்குச் சொந்த ஊரு குமராட்சிப்பா. வெள்ளம் வடிஞ்சா வீட்டுச் சுவத்துல இதத்தான் சுரண்டுறோம். சாரலாம், சாரல்!”

வெறுங்கையை வெளியே எடுத்தேன். தண்ணீரில் ஊறிய ஒயர்களோடு அந்த வண்டி, மூச்சிரைக்கும் மனிதரை வைத்துக்கொண்டு நடுவழியில் நின்றிருந்தால்? அட்வான்ஸ் கொடுக்காமலே அங்கிருந்து கிளம்பினோம்.

வேறொரு கார் அமைந்தது. மாமனார் அதில் நிம்மதியாகத் தூங்கியபடி போய்வருகிறார். இப்போது நண்பர்கள் பழைய கார் பார்க்க அழைத்தால், தெரிந்த மெக்கானிக்கோடு போகிறேன். எல்லா பெல்ட்டையும் முழுதாக இழுத்து, கால் வைக்கும் விரிப்பைத் தூக்கி, ஈரவாடை அடிக்கிறதா என்று தரையை முகர்ந்து பார்க்கிறேன். யாராவது அவசரப்படுத்தினால், “நாளைக்கு வர்றோங்க” என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுகிறோம்.