அவனுக்கும் இருக்கட்டும் என்று ஜெபித்தேன்

விசுவாசக் குடும்பத்தாரே, என் பெயர் ரூபன். மலேசியாவில் லாபு பக்கத்து எஸ்டேட்டில் பிறந்தவன். நீலாயில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன். இதைச் சொல்ல வெட்கம்தான். சொல்லாவிட்டால் ஆண்டவர் செய்தது என்னோடு மறைந்துபோகும்.

மூன்று முறை என் மனைவி ஸ்டெல்லா கர்ப்பமானாள். மூன்று முறையும் மூன்றாம் மாதம் தாண்டவில்லை. மூன்றாவது கரு கலைந்த அந்த மாதம்தான் என் தம்பி ஜேசனின் மனைவி கர்ப்பம் என்ற செய்தி வந்தது. கல்யாணமாகி இரண்டே மாதம். சந்தோஷம் என்று எல்லோரிடமும் சொன்னேன். பொய். அவன் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டாலே வயிறு எரிந்தது. அவன் வீட்டைப் பார்க்கக்கூடாது என்று சுற்றுவழியில் வேலைக்குப் போனேன்.

வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டம் எங்கள் வீட்டில் நடக்கும். சபை ஆன்ட்டிமார் ஸ்டெல்லாவின் வயிற்றுக்காக உருகி ஜெபிப்பார்கள். முடிந்து தேநீர் குடிக்கும்போது, "அன்னாசி கின்னாசி தின்னியா பிள்ள?" என்று ரோசி ஆன்ட்டி கேட்பார்.

சிரம்பானில் ஒரு டாக்டர் எங்கள் இருவர் இரத்தத்தையும் என் விந்தையும் சோதித்தார். காரணம் என்னிடம் இருந்தது. என் இரண்டு குரோமோசோம்களில் துண்டுகள் இடம் மாறி ஒட்டியிருந்தன. எதுவும் காணாமல் போகாததால் எனக்கு ஒரு நோயும் இல்லை. ஆனால் விந்தணு குறைவு. அதிலும் பலவற்றில் ஒரு துண்டு கூடியிருக்கும், அல்லது குறைந்திருக்கும். அப்படி உருவாகும் கரு நிற்காது. சரியாக அமைந்தால் நிற்கும் என்றார். பரம்பரையாகவும் வரும், தம்பியிடம் சொல்லிவிடுங்கள் என்றார்.

திரும்பும் வழியில் மோட்டார் ஓட்டிக்கொண்டே ஜெபித்தேன். ஆண்டவரே, அவனுக்கும் இருக்கட்டும். பின்னால் ஸ்டெல்லா என் தோளைப் பிடித்திருந்தாள்.

அறிக்கையை மோட்டார் சீட்டுக்கு அடியில் வைத்துப் பூட்டினேன். வெள்ளிக்கிழமை வந்தது. மறுபடியும் ஸ்டெல்லாவின் வயிற்றுக்காக ஜெபம். எல்லாம் தெரிந்தும் அவள் என்னைக் காட்டிக்கொடுக்காமல், தலைகுனிந்து ஆமென் சொன்னாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்படியே ஐந்து மாதம்.

ஜேசனுக்கு மகன் பிறந்தான். எங்கள் ஆலயத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஞானஸ்நானத்துக்குப் பிள்ளையைப் பெரியப்பாதான் பீடம்வரை தூக்கிப்போக வேண்டும். அந்த ஞாயிற்றுக்கு ஓவர்டைம் கேட்டு வாங்கினேன். தம்பி எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டான்.

"நீ தூக்கலன்னா நாள தள்ளிவைக்கிறேன்ணே. பாஸ்டர்கிட்ட சொல்லிட்டேன் லா."

அதற்குமேல் என்னால் முடியவில்லை. அறிக்கையை எடுத்து நீட்டினேன். நான் ஜெபித்ததையும் சொன்னேன். அவன் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பரீச்ச அன்னிக்கு உனக்குக் காய்ச்சல் வரணும்னு நானும் ஜெபிச்சிருக்கேன்ணே. வரல. நீ ஏ கிரேடு எடுத்துட்டு வந்த. இந்த ஜெபத்தையும் அவர் கேட்டிருக்க மாட்டாரு, விடு."

மறுநாளே போய் இரத்தம் கொடுத்தான். பிறகு முடிவு வந்தது, அவனுக்கு இல்லை. அப்போதும் ஒரு முள் குத்தியது. மறைக்கமாட்டேன்.

முடிவு வருவதற்கு முன்பே, அந்த ஞாயிறு அன்று அவன் மகனைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். பீடத்தருகில் திரும்பி நின்று, குறை ஸ்டெல்லாவிடம் இல்லை, என்னிடம்தான், இனி எனக்காக ஜெபியுங்கள் என்றேன். ரோசி ஆன்ட்டி எழுந்துபோய் ஸ்டெல்லாவின் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டார். அந்த வெள்ளிக்கிழமை முதல்முறையாக என் தலைமேல் கை வைத்து ஜெபித்தார்கள். அன்று நான் பிள்ளை கேட்கவில்லை. இந்த எரிச்சலை எடுத்துவிடும் என்று மட்டும் கேட்டேன்.

எட்டு மாதம் கழித்து ஸ்டெல்லா நான்காம் முறை கர்ப்பமானாள். மூன்றாம் மாதம் தாண்டியது. ஐந்தாம் மாதம் பனிக்குட நீரைச் சோதித்தார்கள். குழந்தைக்கும் என்னைப்போலவே துண்டுகள் இடம் மாறியிருந்தன. ஒன்றும் கூடவில்லை, குறையவில்லை. மகள் பிறந்தாள். கிரேஸ். வளர்ந்ததும் அவளுக்கு இதை நானே சொல்வேன். அவள் யாருடைய பழியையும் சுமக்கவேண்டாம்.

சகோதரர்களே, மனைவியை முன்னால் நிறுத்திவிட்டு நீங்கள் பின்னால் ஒளியாதீர்கள். போய்ச் சோதனை செய்யுங்கள். உள்ளதை உள்ளபடி அவரிடம் சொல்லுங்கள், அசிங்கமான ஜெபமானாலும் சரி. அவர் தாங்குவார்.

கிரேஸுக்குப் பெரியப்பா இல்லை. சித்தப்பா தூக்கும் வழக்கம் எங்கள் ஆலயத்தில் இல்லை. ஜேசன்தான் பீடம்வரை தூக்கிக்கொண்டு போனான்.