மலைக்கு அந்தப் பக்கம் ஒரு வீடு

துபாயின் கராமா பகுதியில் இருந்த ஆறு வருடமும் சுசீலா கடிகாரத்தைப் பார்த்துத்தான் சமைத்தாள். ஒரு ஃபிளாட், மூன்று குடும்பம், ஒரே சமையலறை. காலை ஐந்திலிருந்து ஆறு வரை அவள் முறை. உப்பு, புளி, எண்ணெய், லைட்டர் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் கூடையில் போட்டுத் தன் அறையிலிருந்து எடுத்து வருவாள். ஆறடிப்பதற்குள் அடுப்பைத் துடைத்துவிட்டுக் கூடையோடு அறைக்குத் திரும்பிவிட வேண்டும். குழம்பு இன்னும் கொதிக்கவில்லை என்பதெல்லாம் அடுத்த முறைக்காரிக்குத் தேவையில்லாத கதை. திருச்சியில் சொந்தக்காரர்கள் அவளைத் 'துபாய்க்காரி' என்று வயிற்றெரிச்சலோடு சொல்வார்கள். பாவம், அவர்கள் அந்தக் கூடையைப் பார்த்ததில்லை.

2007 கோடையில் அந்த ஒரு மணி நேரத்துக்கும் வேட்டு வைத்தார் கட்டட உரிமையாளர். இனிமேல் ஒரு ஃபிளாட்டில் ஒரு குடும்பம்தான், முடியாதவர்கள் காலி செய்யலாம் என்றார். அன்று வாடகை ஏறிக்கொண்டிருந்த வேகத்தில், முழு ஃபிளாட் எடுப்பதை அவள் கணவர், டிராஃப்ட்ஸ்மேன் ரகுநாதன், கனவில்கூட நினைக்க முடியாது. இந்த மாதிரி நேரத்தில் வளைகுடா ஆண்கள் எல்லோரும் எடுக்கும் முடிவையே அவரும் எடுத்தார். மனைவியும் மகளும் ஊருக்கு. அவர் ஒரு பேச்சிலர் ரூமில் ஒரு கட்டிலுக்கு.

"ரெண்டே வருஷம் சுசீலா. பல்லைக் கடிச்சுக்கிட்டு ஓட்டிடலாம்."

"ரெண்டு வருஷம்னு சொன்னவங்க எல்லாம் தலை நரைச்சுதாங்க ஊர் திரும்புறாங்க," என்றாள் அவள். மகள் சுஷ்மிதாவுக்கு அப்போது பன்னிரண்டு வயது. அப்பா என்பவர் அவளுக்கு வெறும் போன் குரலாகிவிடுவாரே என்று சுசீலா பயந்தாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் ஜன்னத்துல் ஃபிர்தௌஸ் போன் செய்தாள். முன்பு அதே ஃபிளாட்டில் ஆறிலிருந்து ஏழு வரை அடுப்பு அவளுடையதாக இருந்தது. கணவருக்குப் புஜைரா துறைமுகத்தில் வேலை கிடைத்து, போன வருடம்தான் அங்கே குடிபோயிருந்தாள்.

"எங்க மாடி வீடு காலியா இருக்கு சுசீலா. அங்க ஒரு ரூமுக்குக் கொடுக்கிற வாடகைக்கு இங்க ரெண்டு ரூம், ஹாலு, தனிக் கிச்சன். யோசிக்காம வந்து சேரு."

"புஜைராவா? சிக்னலை விரல்விட்டு எண்ணிடலாம், அதுக்குப் பேரு தலைநகரமாம்!" என்று ரகுநாதன் சிரித்தார். தலைநகரம்தான், ஏழு எமிரேட்டில் ஒன்றுக்கு. ஒரு பக்கம் மலை, மறுபக்கம் கடல், மலையிலிருந்து ஆறு இறங்கும் பள்ளத்தாக்கில் ஊர். ஆறு என்றால் தண்ணீரைத் தேடக் கூடாது, கல்லும் மணலும்தான். கோடைக் காவிரியைப் பார்த்து வளர்ந்தவளுக்கு அது ஒரு குறையாகவே படவில்லை.

கடைசியில் ரகுநாதன் ஒரு கெடு வைத்தார். மகளின் ஆண்டுப் பரீட்சை வரை புஜைரா. அதற்குள் துபாய் வேலைக்குத் தினமும் போய்வருவது தன் உடம்புக்கு ஒத்துவராவிட்டால் ஏப்ரலில் இருவரும் ஊருக்கு. மனிதர் எதிலும் முன்ஜாக்கிரதை. டிசம்பரிலேயே டிராவல்ஸில் இரண்டு டிக்கெட்டுக்குச் சொல்லியும் வைத்துவிட்டார்.

புது வீட்டில் முதல் ஒரு மாதம் சுசீலா செய்த கூத்தைச் சொல்லியாக வேண்டும். விடிகாலை ஐந்துக்குக் கூடையோடு சமையலறைக்குப் போவாள். அரக்கப்பரக்கச் சமைப்பாள். ஆறுக்கு அடுப்பைத் துடைத்துவிட்டு, உப்பையும் புளியையும் பத்திரமாகப் படுக்கையறைக்கு எடுத்துக்கொண்டு போய்விடுவாள். ஒருநாள் மாடிக்கு வந்த ஜன்னத்துல், கட்டிலுக்கு அடியில் எண்ணெய் பாட்டிலைப் பார்த்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அடியே, இங்க யாருடி வந்து உன் உப்பை எடுக்கப் போறா?"

சுசீலாவும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். இப்படி ஒரு வீட்டைக் காட்டிக் கொடுத்தவளை ஏழேழு ஜென்மத்துக்கும் மறக்கக் கூடாது என்று நினைத்தாள். அன்று மத்தியானம் மூன்று மணிக்கு, எந்தக் காரணமும் இல்லாமல், பஜ்ஜி போட்டாள்.

ஆனால் ரகுநாதன் இளைத்துக்கொண்டே போனார். நான்கு பேர் சேர்ந்து போகும் காரில் இருட்டோடு கிளம்பி, மலையைக் கடந்து துபாய் போய், இரவு எட்டு மணிக்குத்தான் திரும்புவார். தட்டின் முன்னால் உட்கார்ந்தபடியே கண் சொருகும். தன் சுகத்துக்காக இவரைப் பாடாய்ப்படுத்துகிறோமோ என்று சுசீலாவுக்குக் குற்ற உணர்ச்சி. ஏப்ரலைப் பற்றி வீட்டில் யாரும் வாயைத் திறப்பதில்லை.

ஜனவரியில் மலையில் மழை கொட்டியது. கல்லும் மணலுமாகக் கிடந்த ஆறு செம்மண் நிறத்தில் புரண்டு வந்து சாலையை அறுத்துவிட்டது. ரகுநாதன் துபாயில் மாட்டிக்கொண்டார். அங்கே சத்வா பகுதியில் ஆபீஸ் நண்பரின் ரூமில் ஒரு கட்டில் கிடைத்தது. இரண்டு நாளும் சாயங்காலம் போன் செய்து, "சாப்டியா? பாப்பா சாப்டாளா?" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்தார். அவர் குரலில் ஒன்றும் பிடிபடவில்லை. எல்லாம் முடிந்தது, இனி எந்த முகத்தோடு அவரை இங்கே இருக்கச் சொல்வது என்று சுசீலா நினைத்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை பகலில், கசங்கிய சட்டையோடு ரகுநாதன் வந்து சேர்ந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று அவள் முகத்தையே பார்த்தார்.

"ரெண்டு நாளா நீ சாப்பிடல."

"சாப்டேன்னு சொன்னேனே."

"சொன்னே. பொய்தானே?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "பொய்தாங்க."

"அந்த ரூம்ல எட்டுப் பேரு சுசீலா. சாயங்காலம் ஆனா ஆளுக்கொரு மூலையில போனை வச்சுக்கிட்டு 'சாப்டியா, சாப்டியா'ன்னு கேக்குறாங்க. அந்தப் பக்கம் சாப்டேன்னு சொன்னதும் நிம்மதியாத் தூங்கப் போறாங்க. நானும் அப்படித்தான் தூங்கினேன்." அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். "போன்ல எனக்குத் தெரியலையே. இங்க வந்து நின்னதும் தெரிஞ்சுடுச்சு."

சுசீலா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"முதல்ல சாப்பாட்டைப் போடு, மூணு பேரும் உக்காருவோம்," என்றார் ரகுநாதன். "சாப்பிட்டதும் டிராவல்ஸ்காரனுக்குப் போன் பண்ணி அந்த ரெண்டு டிக்கெட்டும் வேணாம்னு சொல்லிடுறேன்."