பின்னிணைப்பில் ஏழாவது பெயர்

வியாழக்கிழமை காலை ஒன்பது பத்துக்கு குழுச் செயலாளர் பிர்கிட்டே என் மேசையில் ஒரு கடிதத்தை வைத்தாள். இலங்கையில், வன்னியில் போர் முடிந்துகொண்டிருந்த வாரம் அது.

"இதை எழுதின ஆக்கள் இண்டைக்கு ஒரு மணிக்குக் குழுவைச் சந்திக்க வருகினம். ஒரு பக்கக் குறிப்பு வேணும்" என்று டேனிஷில் சொன்னாள். பிறகு சிரித்தாள். "இத்தினை வருசத்தில, ஃபோன் எடுத்து விளக்கம் கேக்கத் தேவையில்லாத முதல் கடிதம் இதுதான். எங்கட செயலக ஆக்கள் எழுதின மாதிரியே இருக்கு."

எங்கள் ஆட்கள் எழுதியதுதான். நான் எழுதியது.

என் வேலை

நான் கோப்பன்ஹேகனில் நாடாளுமன்றச் செயலகத்தில் சட்ட அலுவலராக இருக்கிறேன். எந்தக் கட்சியையும் சாராத வேலை. அரசாங்கப் பக்கத்து உறுப்பினர் கேட்டாலும் எதிர்ப்பக்கத்து உறுப்பினர் கேட்டாலும் ஒரே பதில், ஒரே நேரத்தில், எல்லோருக்கும் போகவேண்டும். சேர்ந்த முதல் நாளே பிரிவுத் தலைவர் ஹென்ரிக் சொன்னார்: "உம்மட குறிப்பை வாசிக்கிறவருக்கு, நீர் காலமை என்ன சாப்பிட்டனீர் எண்டுகூடத் தெரியக்கூடாது." பன்னிரண்டு வருடங்களாக அப்படித்தான் எழுதுகிறேன். சாப்பாட்டு அறையில்கூட ஒரு மசோதா நல்லது, கூடாது என்று வாய் திறந்ததில்லை.

இங்கே ஒரு வழக்கம் உண்டு. யாரும் விண்ணப்பித்து ஒரு குழுவின் முன்னால் வந்து தம் விடயத்தைச் சொல்லலாம். பதினைந்து நிமிடம். உறுப்பினர்கள் கேள்வி கேட்கலாம், விவாதிக்கக் கூடாது. விண்ணப்பக் கடிதத்துடன் பின்னணிக் குறிப்பு ஒன்றைச் சேர்த்து உறுப்பினர்களுக்கு அனுப்புவது எங்கள் பிரிவின் வேலை.

எனக்கு இன்னொரு வேலையும் உண்டு. சம்பளமில்லாத வேலை. டென்மார்க்கில் டேனிஷ் நன்றாக எழுதத் தெரிந்த எந்தத் தமிழருக்கும் அது உண்டு. கொம்யூன் என்கிற நகரசபையிலிருந்து வந்த கடிதம், பள்ளிக்கூடத்துக்கு எழுதும் கடிதம், வீட்டுக்காரருக்கு எழுதும் முறைப்பாடு எல்லாம் என்னிடம் வரும். சாப்பாட்டு மேசையில் வைத்துத் திருத்திக் கொடுப்பேன். யாருக்கு, எதற்கு என்று அதிகம் விசாரிப்பதில்லை.

அப்படித்தான் இரண்டு கிழமைக்கு முன் கோல்டிங் நகரிலிருந்து செல்வம் அண்ணை ஒரு கடிதம் அனுப்பினார். அங்கே ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறார், தமிழ்ச் சங்கத்தையும் நடத்துகிறார். "தங்கச்சி, சண்டையை நிப்பாட்ட டென்மார்க் குரல் குடுக்கவேணும் எண்டு அமைச்சருக்கு எழுதியிருக்கிறம். டேனிஷை மட்டும் ஒருக்காப் பாத்துத் தாங்கோ."

டேனிஷை மட்டும் பார்க்க என்னால் முடியவில்லை. கை பழகிய வேலை. கோபமான சொற்களை எடுத்தேன். 'கோரிக்கை', 'காரணம்', 'பின்னிணைப்பு' என்று தலைப்புப் போட்டேன். பின்னிணைப்பில், போருக்குள் அகப்பட்டிருந்த, இங்குள்ளவர்களின் உறவினர் இருபத்திரண்டு பேரின் பெயர்கள் இருந்தன. 'என் அண்ணன்', 'என் மனைவியின் தாய்' என்று ஒவ்வொருவரும் எழுதியிருந்ததை வெட்டிவிட்டுப் பெயர், வயது, கடைசியாகத் தகவல் வந்த இடம் என்று ஒரே மாதிரி ஆக்கினேன். ஏழாவது பெயர் என் அக்காவுடையது. அதையும் அப்படியே ஆக்கினேன்.

அதைப் பார்த்த என் மகள் ஆரணி டேனிஷில் கத்தினாள். அவளுக்குப் பதினேழு வயது. "இதென்ன, ரயில் நேர அட்டவணையா? பெரியம்மா எங்களுக்கு யாரென்று இதில் எங்கே இருக்கிறது?"

"இப்பிடி எழுதினாத்தான் வாசிப்பினம்" என்றேன்.

நாற்பது நிமிடம்

இப்போது அதே கடிதம் என் மேசையில் இருந்தது. முகவரி மட்டும் மாறியிருந்தது. அமைச்சர் போய், எங்கள் குழு வந்திருந்தது. பேச வருபவர்களின் பட்டியலைப் பார்த்தேன். முதலாவது செல்வம் அண்ணை. இரண்டாவது ஆரணி. என்னிடம் சொன்னால் மறிப்பேன் என்று அவளுக்குத் தெரியும்.

அந்த நிமிடமே எழுந்து ஹென்ரிக்கிடம் போயிருக்கவேண்டும். சொந்த விடயம் மேசைக்கு வந்தால் விலக வேண்டும் என்பது எங்கள் வேலையின் முதல் சட்டம். புதிதாகச் சேருபவர்களுக்கு அதை நானே படிப்பிக்கிறேன். ஆனால் நான் குறிப்பை எழுதத் தொடங்கினேன். யாருக்கும் தெரியாது, என் பெயரும் அக்காவின் பெயரும் வேறு வேறு, ஒரு பக்கம்தானே என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

ஒன்பது ஐம்பதுக்கு எழுதியதை வாசித்துப் பார்த்தேன். இலங்கை அரசு சொல்வதற்கு மூன்று வரி, விண்ணப்பித்தவர்கள் சொல்வதற்கு ஒன்பது வரி. நான் காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை என்பதுகூட அதில் தெரிந்தது. அச்செடுத்த தாளைக் கிழித்துவிட்டு ஹென்ரிக்கின் அறைக்குப் போனேன்.

அவர் கடைசிவரை கேட்டார். திட்டவில்லை. "எப்ப கண்டனீர்?"

"ஒன்பது பத்துக்கு."

மணிக்கூட்டைப் பார்த்தார். அதுதான் திட்டு.

"குழுத் தலைவருக்குச் சொல்லவேணும். எல்லாக் கட்சிக்கும் ஒரே வரி போகும்: எங்கட அலுவலர் ஒராள் இந்தக் கடிதத்தைத் திருத்தினவர், அவர் விலகியிட்டார். ஆரும் மறுத்தால் சந்திப்பை அடுத்த கிழமைக்குத் தள்ளுவினம்."

அடுத்த கிழமை வன்னிச் சனம் அகப்பட்டிருக்கும் அந்தக் கடற்கரையில் யார் மிஞ்சியிருப்பார்கள்? வாய்வரை வந்தது. ஆனால் அதைச் சொல்லும் உரிமையை ஐந்து நிமிடத்துக்கு முன் நானே விட்டுக்கொடுத்துவிட்டேன். விலகியவள் வாதாட முடியாது. என் அறைக்குத் திரும்பினேன்.

ரயிலிலிருந்து

பதினொன்றரைக்கு செல்வம் அண்ணை ஃபோன் எடுத்தார். ரயில் சத்தம் கேட்டது.

"தங்கச்சி, நாங்கள் ஓடென்ஸ தாண்டியிட்டம். நான் கோட் போட்டிருக்கிறன், கழுத்தில ரை கட்டேல்ல. கட்டவேணுமோ? என்ர மனிசி சொல்லுறா, ரை கட்டினா நான் வீடு விக்க வந்த ஆள் மாதிரியாம்."

"அண்ணை, நான் இதைப் பற்றி உங்களோட கதைக்கக் கூடாது."

"ரையைப் பற்றியோ?"

"எதைப் பற்றியும். பிறகு சொல்லுறன்."

"ஓம் ஓம், விளங்குது. பெரிய இடத்துக் கதிரையில இருந்தா எங்கட சத்தம் கேக்காதுதான்." வைத்துவிட்டார்.

ஆரணி அன்று நேரத்தோடேயே வீட்டை விட்டுப் போயிருந்தாள். ரயில் நிலையத்தில் அவர்களுக்காகக் காத்திருப்பாள். அவளுக்கு எடுக்கலாமா என்று கை ஃபோனில் இருந்தது. எடுக்கவில்லை.

பன்னிரண்டு இருபதுக்கு ஹென்ரிக் என் அறை வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை.

"ஒரு உறுப்பினர் மறுத்தவர். சந்திப்பை இல்லை, கடிதத்தை. எங்கட அலுவலர் கை வைச்ச தாள் குழுவின்ர மேசையில இருக்கக்கூடாதாம். அதில பிழை சொல்ல ஏலாது. தலைவர் கடிதத்தைத் திருப்பி எடுத்திட்டார், பின்னிணைப்போட. அவையள் வாயால சொல்லட்டும். அவையள் கையில இருக்கிறதும் அதே தாள்தானே, உள்ள கொண்டுபோக விடமாட்டினம். வாசலில சொல்லுவினம்."

"பேர்ப் பட்டியலும் இல்லையோ?"

கேட்டதும் நாக்கைக் கடித்தேன். "ரண்டு மணி வரைக்கும் அறையிலயே இரும்" என்றார்.

ஒரு மணிக்குப் பிறகு

குழு அறை என் அறையிலிருந்து இரண்டு கதவு தள்ளி. அதன் கதவு தடிப்பானது, உள்ளே பேசுவது கேட்காது. ஒரு மணிக்குக் காலடிச் சத்தம் போனது. அதில் ஆரணியின் சப்பாத்துச் சத்தம் எனக்குத் தெரியும். ஒன்றே காலுக்குக் கதவு திறக்கவேண்டும். திறக்கவில்லை. ஒன்று இருபது. ஒன்று இருபத்தைந்து. பதினைந்து நிமிடத்துக்கு மேல் குழு யாரையும் இருத்தி நான் கண்டதில்லை. மகளை வெளியே அனுப்பிவிட்டார்களா, மயங்கி விழுந்துவிட்டாளா என்றெல்லாம் யோசனை ஓடியது.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். விலகுவது என்றால் முதல் நிமிடத்தில் விலகுங்கள். நாற்பது நிமிடம் கழித்துச் சொல்வதும் உண்மைதான், ஆனால் அந்த நாற்பது நிமிடத்துக்குள் வேறு வழி இருந்திருக்கும். ஒன்பது பத்துக்கே சொல்லியிருந்தால், ரயில் ஏறுமுன்பே செல்வம் அண்ணையிடம் பட்டியலைத் தங்கள் கையால் எழுதிக் கொண்டுவரும்படி பிர்கிட்டே முறைப்படி கேட்டிருப்பாள். தலைவர் அனுமதித்திருப்பார். இதை எழுதும்வரை அக்காவிடமிருந்து தகவல் இல்லை. என் வேலை போகவில்லை.

ஒன்றரைக்கு என் கதவு தட்டப்பட்டது. ஆரணி. பின்னால் செல்வம் அண்ணை ரை இல்லாமல் நின்றார், என் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் கையில் ஒரு தாளும் இல்லை.

"பேப்பரை வாசலில வாங்கியிட்டினம் அம்மா" என்றாள். வீட்டில் எப்போதும் டேனிஷில் பதில் சொல்பவள் தமிழில் சொன்னாள். "ஞாபகத்தில இருந்த பேருகளைச் சொன்னன். ஆர் ஆருக்கு என்ன முறை எண்டும் சொன்னன். பெரியம்மாவைச் சொல்லேக்க ஒரு உறுப்பினர் குறிச்சு எழுதினவர். நேரம் முடிஞ்சும் நிப்பாட்டேல்ல, மிச்சத்தைச் சொல்லு எண்டு காத்துக்கொண்டு இருந்தவை."

அவள் விரல்விட்டு மறுபடி எண்ணிப் பார்த்தாள்.

"மூண்டு பேரை மறந்துபோனன்."